தூங்கும் அறையில் எந்நேரமும் ஓடப்போகிற சத்தமில்லாத குட்டி கம்ப்யூட்டர்: இந்தப் பட்டியல் சரியா?

இரவுப்பறவை:
வணக்கம். எப்போதும் ஆனிலேயே இருக்கிற மாதிரி சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்றிருக்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோருடைய போன் போட்டோக்களும் அதில் வந்து சேரவேண்டும், டிவியில் படம் ஓடவேண்டும், எனக்கு இரண்டு மூன்று ஸ்கிரிப்ட் ஓடவேண்டும். கேம் கிடையாது. வேறு இடம் இல்லாததால் நான் தூங்குகிற அறையில், மர அலமாரியில்தான் இருக்கப்போகிறது. எனக்கோ சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்குக்கே தூக்கம் போய்விடும்.

இப்போதைக்கு நினைத்திருப்பது: 35 வாட் என்று போட்டிருக்கும் இன்டெல் 'டி' ப்ராசஸர் (பெயரின் கடைசியில் T வரும், குறைந்த வாட் வகை), மினி-ஐடிஎக்ஸ் என்கிற சின்ன சைஸ் மதர்போர்டு, 16 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு ஒரு என்விஎம்இ (போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி), போட்டோவுக்கு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் இரண்டு. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது, 650 வாட், 80 பிளஸ் கோல்டு (கரண்டை அதிகம் வீணாக்காது என்கிற முத்திரை), நல்ல நிலையில் இருக்கிறது. 'டி' ப்ராசஸர்தான் எங்கே தேடியும் சிக்கவில்லை. காத்திருக்கலாமா?

திருப்புளி:
'டி'க்காகக் காத்திருக்காதீர்கள். அந்த 35 வாட் என்பது விடாமல் வேலை கொடுத்தால் எவ்வளவு வரை இழுக்கலாம் என்று போட்ட வரம்பு. சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்த நேரத்தில் அதே தலைமுறை 65 வாட் ப்ராசஸரும் 'டி'யும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூட்டுக்குப் பயந்தால் சாதாரண ப்ராசஸரை வாங்கி, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) பவர் லிமிட்டை 35-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலான போர்டுகளில் அந்த வசதி உண்டு. நீங்கள் சொல்லும் வேலைக்கு இந்த மெஷின் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்து வாட்டைக் குறைப்பதுதான் உங்கள் வேலை.

எனக்கு உறுத்துவது அந்த எஸ்எம்பிஎஸ். கோல்டு முத்திரை கொடுப்பதற்கு முன் 20, 50, 100 சதவீத லோடில்தான் சோதிக்கிறார்கள். 650-இல் 20 சதவீதம் என்றால் 130 வாட். சும்மா இருக்கும்போது உங்களுடையது 20 வாட் இழுத்தாலே அதிகம், அதாவது 3 சதவீதம் சொச்சம். அந்த இடத்தில் அது எவ்வளவை வீணாக்கும் என்று முத்திரை சொல்லாது. குட்டிக் குழந்தைக்குப் பால் காய்ச்ச அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் பிக்கோ பிஎஸ்யு மாதிரி சின்ன பவர் போர்டும் வெளியே ஒரு 12 வோல்ட் அடாப்டரும் போட்டால் ஒரு ஃபேனும் குறையும். ஆனால் அடாப்டரைக் கணக்காக வாங்காதீர்கள், 3.5 இன்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற அந்தச் சில நொடி ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிஸ்க்குக்கு மட்டுமே 50 வாட். 120 வாட் அடாப்டர் என்றால் நிம்மதி.

எந்நேரமும் ஓடுகிற மெஷினில் ஒவ்வொரு வாட்டும் வருஷத்துக்கு 8.76 யூனிட். 20 வாட் குறைத்தால் 175 யூனிட். இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திரும்பப் பாருங்கள்.

ஒற்றைக்காது:
மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேட்டவருக்குத் தூக்கம்தான் பிரச்சினை, கரண்ட் அப்புறம். உங்கள் பட்டியலில் தூக்கத்தைக் கெடுக்கப்போவது அந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்தான்.

நான் பட்டது. கேபினட்டில் 120 மிமீ ஃபேன் ஒன்று, 600 ஆர்பிஎம், காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கும். ஆனாலும் ராத்திரியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அது வேறு ஏறி இறங்கி ஏறி இறங்கி. இரண்டு வாரம் ஃபேனையே சந்தேகப்பட்டு, ஒரு ராத்திரி எரிச்சலில் அதைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்த்தேன், ரீங்காரம் அப்படியே இருக்கிறது. கேபினட்டை அலமாரியில் இருந்து இரண்டு விரல்கடை தூக்கினேன், சட்டென்று அடங்கிவிட்டது. டிஸ்க்கின் அதிர்வு மரப்பலகையில் இறங்கி, பலகை வீணைக்குடம் மாதிரி அதைப் பெரிதாக்கியிருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் நூலிழை வித்தியாசமான வேகத்தில் சுற்றுவதால்தான் அந்த ஏற்ற இறக்கம். பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி நாலு மூலைக்கும் கீழே வைத்தேன், முக்கால்வாசி போய்விட்டது. மீதி, டிஸ்க்கை இறுக்கும் ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டதும் போனது.

ரீங்காரம் போனாலும் டிஸ்க் டேட்டாவைப் படிக்கும்போது 'கடகட' என்பது போகாது. முடிந்தால் போட்டோவுக்கு எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை வேறு அறையில் பேக்கப்புக்கு மட்டும் வையுங்கள். டிஸ்க்கைத் தூங்கவைக்கலாமே என்பார்கள். போட்டோ ஆப் ஏதாவது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பும், எழும் சத்தம் அதைவிட மோசம்.

ஃபேனைப் பற்றி ஒன்றே ஒன்று. 40 மிமீ ஃபேன் இருக்கிற எதையும் வாங்காதீர்கள், கொசு மாதிரி. அப்புறம் பயாஸில் 60 டிகிரி வரை ஃபேன் ஒரே வேகத்தில் ஓடும்படி வைத்துவிடுங்கள். ஒரே சீராக வரும் சத்தத்துக்குக் காது பழகிவிடும்.

சும்மாஇரு:
எனக்குத் தோன்றுவது வேறு. சாக்கெட் ப்ராசஸரே வேண்டாம், ப்ராசஸரோடு சேர்ந்தே வரும் இன்டெல் என்100 போர்டு போதும். 4 கோர், 6 வாட் டிடிபி (மேலே சொன்ன 35 வாட் மாதிரியான கணக்கு), ஃபேன் இல்லாமல் வெறும் ஹீட்சிங்க்கோடு வருகிற போர்டுகளும் உண்டு. ஏவி1 என்கிற வீடியோ வகை உட்பட இன்று டிவியில் பார்க்கிற வீடியோ வகைகளை எல்லாம் ஹார்டுவேரிலேயே டீகோட் செய்துவிடும். ரேமுக்கு ஒரே சேனல்தான், உங்கள் வேலைக்கு அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. என்100-க்கு மொத்தமே 9 பிசிஐ லேன்தான் (மற்ற சிப்புகளோடு பேசும் பாதை) என்பதால் நிறைய சாட்டா போர்ட் (டிஸ்க் மாட்டும் இடம்) தருகிற போர்டுகளில் தனியாக ஒரு சாட்டா சிப் வைத்திருப்பார்கள். அந்தச் சிப் ஏஎஸ்பிஎம்மை (வேலை இல்லாதபோது அந்தப் பாதையைத் தூங்கவைக்கும் முறை) ஒழுங்காகப் பேசாவிட்டால் ப்ராசஸரால் ஆழ்ந்து தூங்க முடியாது. என் பழைய மெஷினில் ஒரு சாட்டா கார்டு போட்டு, லினக்ஸில் பவர்டாப் என்கிற கரண்ட் பார்க்கும் ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்தால் ப்ராசஸரின் தூக்கம் பேக்கேஜ் சி3-யோடு நின்றது (எண் கூடக் கூட ஆழ்ந்த தூக்கம்). கார்டைப் பிடுங்கினேன், சி8 வரை இறங்கியது, பிளக்கில் மாட்டிய மீட்டரில் 8 வாட் குறைந்தது. சும்மா இருப்பது எப்படி என்று கம்ப்யூட்டருக்குமே சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

ஃபேன் இல்லை என்பதற்காக நாலு பக்கமும் அடைத்த அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ப்ராசஸர் தாங்கும், என்விஎம்இ தான் கொதிக்கும்.

இரவுப்பறவை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு மீட்டர் இரவல் வாங்கி, பழைய கம்ப்யூட்டரை அதே 650 எஸ்எம்பிஎஸ்ஸோடு அளந்தேன். சும்மா நிற்கும்போதே 44 வாட்! பட்டியலை மாற்றிவிட்டேன்: ஃபேன் இல்லாத என்100 போர்டு, 16 ஜிபி, சிஸ்டத்துக்கு என்விஎம்இ, போட்டோவுக்கு போர்டின் சொந்த சாட்டா போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டி, 12 வோல்ட் அடாப்டர். ஹார்ட் டிஸ்க் ஒன்று ஹாலுக்குப் போகிறது, வாரம் ஒருமுறை பேக்கப். ஒரு சந்தேகம் பாக்கி, நான் பார்த்து வைத்திருக்கும் கேபினட்டில் முன்னால் நீல லைட் ஒன்று கண்ணைக் குத்துகிறது, அணைக்க வழி உண்டா?

திருப்புளி:
பவர் எல்இடி வயரை மதர்போர்டில் மாட்டாமல் விட்டுவிடுங்கள். பட்டன் வயர் தனி, அதை மட்டும் மாட்டினால் போதும்.