அரை அடிக் குழி போதுமாம்! கொழுக்குமலைக் கூடாரக்காரர்களுக்கு ஒரு கேள்வி

போடிக்காரன்:
மலைமுகில் நேற்று இந்தத் தளத்தின் மேகமலை இழையில் ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அப்படியே ஒட்டுகிறேன்: "காட்டில் கூடாரம் போடுகிறவர்களுக்கு மலம் கழிக்க அரை அடிக் குழி போதும். மண்ணைத் தள்ளி மூடினால் வேலை முடிந்தது. கையோடு தூக்கிப்போகும் டாய்லெட் எல்லாம் பந்தா." இதற்குப் போட்டி போட்டுக்கொண்டு விருப்பக்குறி வேறு.

ஐயா, தமிழ்நாடு கேரள எல்லையில் நிற்கும் கொழுக்குமலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று தெரியுமா? குரங்கணிப் பக்கம் இறங்கி, கொட்டகுடி ஆறாகி எங்கள் ஊர் போடிக்கு வருகிறது. நீங்கள் சூரிய உதயம் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கம் இறங்கிவிடுவீர்கள். உங்கள் அரை அடி எங்கள் பக்கம் இறங்கும்.

மலைமுகில்:
பாதியை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் புதிதில்லையே சார். அடுத்த வரியில் தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி என்று எழுதியிருந்தேன். அதை ஏன் விட்டீர்கள்? அரை அடி என்பது நான் கண்டுபிடித்த கணக்கில்லை. அமெரிக்காவில் காட்டுப் பயணிகளுக்குச் சொல்லித் தரும் அளவே 6 முதல் 8 அங்குலம். மேல்மண்ணில்தான் காற்றும் நுண்ணுயிரும் அதிகம், மக்குவது அங்கேதான் வேகமாக நடக்கும். ஆழமாகத் தோண்டிப் புதைத்தால் அப்படியே கிடக்கும். கொஞ்சம் படித்துவிட்டு வந்து சண்டை போடலாம்.

போடிக்காரன்:
படித்தது இருக்கட்டும், தோண்டியிருக்கிறீர்களா? கொழுக்குமலை முகட்டில் மேலே புல் வேர் சடை பிடித்துக் கிடக்கும். அதை அறுத்துக்கொண்டு நாலு விரற்கடை போனால் நங்கென்று பாறை. இணையத்தில் வாங்கிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மண்வாரியை வைத்துக்கொண்டு விடியற்காலைக் குளிரில் ஒருத்தன் என்ன செய்வான்? சுரண்டிய இடத்திலேயே உட்கார்ந்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்துவிடுவான். தை மாதக் கூட்டம் முடிந்தபிறகு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், எந்தக் கல்லையும் புரட்டத் தைரியம் வராது.

அப்புறம் அந்த 200 அடி. கூடாரம் இருப்பது முகட்டில். ஒரு பக்கம் ஜீப் பாதை, மறுபக்கம் பள்ளம். 200 அடி தள்ளிப் போ என்றால் பள்ளத்துக்குள்தான் போகவேண்டும்.

தேனி ராசு:
எதுக்குப்பா இவ்வளவு சூடு. எங்கள் அப்பா காலத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறியவர்கள் எந்தப் பெட்டியைத் தூக்கிப்போனார்கள்? அரை அடியும் தோண்டவில்லை, முக்கால் அடியும் தோண்டவில்லை. காடு என்ன செத்தா போய்விட்டது?

போடிக்காரன்:
ராசு அண்ணே, அவர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். இப்போது சனிக்கிழமை ராத்திரி ஒரே முகட்டில் வரிசையாகக் கூடாரம், விடிகாலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. போதாததற்கு ஆளுக்கொரு பாக்கெட் ஈரத் துடைப்பான். அது காகிதம் என்று நினைத்துப் புதைக்கிறார்கள், பெரும்பாலானதில் பிளாஸ்டிக் இழைதான் இருக்கிறது. மழையில் மண் கரைந்ததும் வெள்ளை வெள்ளையாக மேலே வந்து புல்லில் தொங்கும். இதுவும் அரை அடியில் மக்குமா மலைமுகில்?

மலைமுகில்:
துடைப்பானைப் புதைக்கச் சொன்னது யார்? நான் சொல்லாததற்கெல்லாம் என்னிடம் பதில் கேட்காதீர்கள். நான் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன். அரை அடி சரியா தப்பா, அதை மட்டும் பேசுங்கள்.

சாம்பல்நாரை:
இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இருட்டில் ஒரு பெண் தனியாக 200 அடி போகவேண்டும் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? டார்ச் அடித்தால் முகடு முழுக்கத் தெரியும், அடிக்காவிட்டால் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. அதனால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். ஒரு மறைப்புக் கூடாரமும் உட்காரும் பெட்டியும் எங்களுக்குப் பந்தா கிடையாது. நாப்கினை எங்கே போடுவது என்று உங்கள் 6 முதல் 8 அங்குலத்தில் எழுதியிருக்கிறதா மலைமுகில் அண்ணா?

மலைமுகில்:
நாப்கினைக் கட்டி எடுத்து வரத்தான் வேண்டும் தோழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெட்டி விஷயத்தில்தான் எல்லோரும் விளம்பரத்தைப் பார்த்து மயங்குகிறீர்கள். தொட்டி 20 லிட்டர் பிடிக்கும், நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை யார் தூக்குவது? உள்ளே ஊற்றும் நீல மருந்தின் பழைய வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். நாற்றத்தை அடக்கும், கிருமியைக் கொல்லும், சரி. அதை எடுத்துப்போய் செப்டிக் டேங்கில் கொட்டினால் அங்கே மக்கவைக்கும் நுண்ணுயிரையும் சேர்த்துக் கொல்லும். எந்த ஓடையிலாவது கவிழ்த்தால் கேட்கவே வேண்டாம். அரை அடிக் குழியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

போடிக்காரன்:
ஓடையில் கவிழ்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன ஜனவரியில் அந்தப் பக்கம் ஒரு கூடார முகாமில் பார்த்தேன், பெயர் வேண்டாம். நாலு கம்பு, பச்சைத் தார்ப்பாய், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கை, வாசலில் ஒரு டிரம், மிதக்கும் சொம்பு. கீழே குழி எடுத்திருக்கிறோம் சார் என்று பெருமையாகச் சொன்னார்கள். பின்பக்கம் சுற்றிப் போனால், குழியிலிருந்து ஒரு கறுப்பு ஹோஸ் புல்லுக்குள் நுழைந்து சரிவில் இறங்குகிறது, அது போன வழியில் மட்டும் புல் செழிப்பாகக் கரும்பச்சையாக வளர்ந்திருக்கிறது. இவர்கள் வழிகாட்டிகளாக வைத்திருப்பது மலைமுகில் மாதிரி ஆட்களைத்தான்.

மலைமுகில்:
என்னை எதற்கு அந்த முகாமோடு சேர்க்கிறீர்கள்? நான் தங்குவது என் சொந்தக் கூடாரத்தில். போன வருடம் ப்ளூடூத் ஸ்பீக்கர் விஷயத்தில் நான் உங்களிடம் மூக்குடைபட்டதாக நீங்களே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை இன்னும் சுமந்து திரிகிறீர்கள்.

போடிக்காரன்:
மூக்குடைந்தது யாருக்கு என்று அந்த இழையில் இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். காட்டுக்குள் பாட்டுப் போட்டால் மிருகம் கிட்டே வராது, பாதுகாப்பு என்று எழுதிய மகான் நீங்கள்.

லே பைக்கர்:
நண்பர்களே, லடாக்கில் வீட்டுக்கு வீடு உலர் கழிப்பறை வைத்திருக்கிறார்கள். மாடியில் தரையில் ஓட்டை, பக்கத்தில் மண் குவியலும் மண்வெட்டியும். போனபிறகு மண்ணும் சாம்பலும் தள்ளவேண்டியதுதான். சொட்டுத் தண்ணீர் இல்லை, நாற்றம் இல்லை, பிறகு எருவாக வயலுக்குப் போகிறது. அங்கே போய்ப் பாருங்கள், அப்போதுதான் புரியும்.

தேனி ராசு:
வந்துட்டாருய்யா. தோசைக்கல் வாங்குவது பற்றி இழை போட்டாலும் இவர் லடாக் போய்ப் பாருங்கள் என்பார்.

போடிக்காரன்:
லடாக்கில் மழையே அபூர்வம். இங்கே ஐப்பசியில் ஒரு ராத்திரி பெய்தால் கூடாரமே மிதக்கும், உங்கள் மண் குவியல் கூழாகிவிடும். இழையைத் திருப்பாதீர்கள். அரை அடிக்கு மலைமுகில் இன்னும் பதில் சொல்லவில்லை.

சொல்லமாட்டார், நானே சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில் மொன்டானா மலைகளில் கிருமி கலந்த மலத்தை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, ஒரு குளிர்காலம் கழித்துத் தோண்டிப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லாக் கிருமி உயிரோடு இருந்தது. ஆழத்தால் பெரிய வித்தியாசமும் இல்லை. அது உங்கள் அமெரிக்காதான் தலைவரே. அதே அமெரிக்காவில் விட்னி மலையில் கழிப்பறைகளையே எடுத்துவிட்டு, ஆளுக்கொரு பை கொடுத்து, கீழே கொண்டு வா என்கிறார்கள். எவரெஸ்டிலும் 2024 முதல் அதுதான் விதி, உள்ளே பொடி இருக்கும், ஈரத்தை இழுத்து இறுக்கிவிடும். எட்டாயிரம் மீட்டர் ஏறுகிறவன் தன்னுடையதைச் சுமந்து வருகிறான், ஜீப்பில் வருகிறவருக்கு அரை அடிக் குழி கேட்கிறது.

மலைமுகில்:
மொன்டானாவில் பனி. மாதக்கணக்கில் மண் உறைந்து கிடக்கும் இடத்தில் எது மக்கும்? இங்கே கரையான், வண்டு, மண்புழு எல்லாம் வேலை செய்யும். ஆழத்தால் வித்தியாசம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் அரை அடி மேல் என்ன கோபம்?

போடிக்காரன்:
அரை அடியும் பத்தாது, ஒரு அடியும் பத்தாது, புதைக்கவே கூடாது என்கிறேன். தமிழில்தானே எழுதுகிறேன்? இது போக, காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் உங்கள் குழியைக் கிளறிப் போட்டுவிடும்.

கருப்பசாமி:
ஒரே ஒரு கேள்வி. பையில் கட்டிக் கீழே கொண்டுவருகிறீர்கள். சரி. பிறகு? போடியிலோ மூணாறிலோ ஏதாவது குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறுவீர்கள். காலையில் அதை வெறும் கையால் பிரிப்பது யார்? மனித மலத்தை மனிதன் அள்ளக் கூடாது என்று 2013இல் சட்டம் போட்ட நாட்டில், எவரெஸ்டுக்கு நிகராக ஒரு பையில் போட்டு அதே ஆள் கையில் கொடுக்கிறீர்கள். பெட்டி டாய்லெட்டும் இதேதான். முகாமில் அதைத் தூக்கிக் கொட்டும் பையனின் ஊரும் தெருவும் எது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

போடிக்காரன்:
கருப்பசாமி, நான் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னேனா? வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கழிப்பறையில் கொட்டட்டும்.

கருப்பசாமி:
பொடி போட்டு இறுகியதைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க யாரைக் கூப்பிடுவீர்கள்?

சாம்பல்நாரை:
நம் ஊர்க்காரர்கள் கழுவுகிறவர்கள். ஒரு சொம்புத் தண்ணீரும் அந்தப் பைக்குள் போனால் பொடி எவ்வளவு தாங்கும்? கழுவுவதைத் தள்ளித் தனியாகத்தான் செய்யவேண்டும். வாங்கும் முன் யாரும் இதை யோசிப்பதில்லை.

போடிக்காரன்:
அதெல்லாம் பழகிக்கொள்ளலாம். முதலில் அரை அடி தப்பு என்று மலைமுகில் ஒப்புக்கொள்ளட்டும்.

சூரியநெல்லி விக்கி:
டிஷ்யூ பயன்படுத்துகிறவர்கள் அங்கேயே கொளுத்திவிட்டால் பிரச்சினை இல்லையே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

போடிக்காரன்:
கொளுத்துவீர்களா? எந்த மலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கிச் செத்தார்கள், அந்தச் சரிவு இந்த முகட்டுக்கு நேர் கீழே. அன்றைக்குத் தீ எதனால் பிடித்ததோ, காய்ந்த புல்லில் அது எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. தீப்பெட்டியோடு மேலே போகிற ஆளை ஜீப்பிலிருந்தே இறக்கிவிடவேண்டும்.

மலைமுகில்:
இதில் மட்டும் போடிக்காரனோடு நிற்கிறேன். கொளுத்தக் கூடாது, அரை அடியில் புதைக்கவேண்டும்.

போடிக்காரன்:
என்னோடு நிற்கவும் வேண்டாம், அரை அடியை இதிலும் செருகவும் வேண்டாம்.

கருப்பசாமி:
இரவு தங்குவதையே நிறுத்தினால் என்ன? 2018இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை போட்டது. இங்கே மட்டும் எல்லோரும் முகட்டில் படுத்தே ஆகவேண்டுமா?

சூரியநெல்லி விக்கி:
ஜீப் ஓட்டுகிறவர்களும் டீக்கடை வைத்திருப்பவர்களும் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? நீங்கள் சோறு போடுவீர்களா?

நெறியாளர்:
ஊர், சாதி, தொழில் பற்றித் தனிப்பட்ட முறையில் யாரையும் இழுக்கவேண்டாம். மேலும் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

போடிக்காரன்:
நீக்கிய இரண்டும் என்னுடையவை. மலைமுகிலை எதிர்த்து எழுதினால் இந்தத் தளத்தில் அதுதான் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆண்டு விழாவில் மேடையில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று படம் இருக்கிறது.

நெறியாளர்:
அந்தப் படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்.

மலைமுகில்:
இந்த இழையில் இனி எழுதப்போவதில்லை. விருப்பம் உள்ளவர்கள் தனிச்செய்தியில் கேட்கலாம்.

தேனி ராசு:
போடிக்காரன் தம்பி, நீங்கள் அந்தப் பையை வைத்து ஒருதடவையாவது கீழே கொண்டுவந்ததுண்டா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

போடிக்காரன்:
நான் மேலே போய்த் தங்குவதே இல்லை அண்ணே, காலையில் போய்ச் சாயந்திரம் இறங்கிவிடுவேன். கேள்வி என்னைப் பற்றியது இல்லை. அரை அடி பற்றியது.

மலைமுகில்:
தங்கியதே இல்லையாம்! இவர்தான் இத்தனை நேரமாக எங்களுக்கு வகுப்பெடுத்தது. அடுத்த வாரம் அதே முகட்டில் அரை அடி தோண்டி வீடியோ போடுகிறேன்.

போடிக்காரன்:
பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தோண்டுங்கள். முகட்டில்தான் தோண்டவேண்டும், தேயிலைத் தோட்டத்து மெத்தை மண்ணில் தோண்டி ஏமாற்றக் கூடாது. நானும் அன்றைக்கு வருகிறேன்.

மலைமுகில்:
நீங்கள் வருவதானால் தேதி சொல்லமாட்டேன்.