பச்சைப் புள்ளி எரியுது, பதில் வரல
(பர்மாவுல மூணு ஊர்க்காரங்க பேச்சு)

ரங்கூன்:
கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன மாப்பிள்ளைங்களுக்கும் இங்க இருக்கிற பொண்ணுங்களுக்கும் போன்ல சண்டை எப்படித் தொடங்கும்னு சொல்லத் தேவையில்ல. அங்க ராத்திரி 11, இங்க 9.30. கரண்ட் இல்ல, தடையைத் தாண்டிப் போக வச்சிருக்கிற விபிஎன் சுத்திக்கிட்டே இருக்கு. 2021 பிப்ரவரியில பேஸ்புக்கைத் தடுத்ததிலிருந்து இதே பாடுதான். கரண்ட் வந்ததும் பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல அவன்கிட்டேருந்து விழுந்த முதல் வரி: "யாரோட பேசிட்டிருந்த?" சாப்டியான்னு ஒரு வார்த்தை இல்ல. அதுதான் மனசை அரிக்குது.

மோல்மேன்:
ஆள் ஆன்லைன்ல இருக்கிறதாக் காட்டுற பச்சைப் புள்ளியைச் சாட்சியா எடுக்கிறதே தப்பு. ஆள் போனைக் கீழ வச்ச பிறகும் கொஞ்ச நேரம் அது எரியும். மெசஞ்சர்ல அந்தப் புள்ளியைக் காட்டுற ஆக்டிவ் ஸ்டேட்டஸை ரெண்டு பேரும் அணைச்சிடணும். சொல்லாம ஒருத்தர் மட்டும் அணைச்சா, "எதை மறைக்கிற?"ன்னு அது தனி வழக்கு.

தட்டோன்:
அண்ணே, புள்ளியை அணைச்சா சந்தேகம் அணையாது. ஃபைஃபர், வாங்னு ரெண்டு மனோதத்துவ ஆய்வாளருங்க 1989-ல காதல் பொறாமையை மூணாப் பிரிச்சாங்க: நினைப்பு, உணர்ச்சி, நடத்தை. உடனே கையில பிடிக்கக்கூடியது மூணாவதுதான், அதாவது நோண்டிப் பார்க்கிறது. பார்த்ததும் நிம்மதி வரும், கொஞ்ச நேரத்துல மனசு மறுபடி கேக்கும். பாஸ்வேர்ட் குடுத்தாலும் இதே கதி, அடுத்து "வேற அக்கவுண்ட் இருக்கா?"ம்பான்.

நெருக்கம் குறையிற இடத்துலதான் இது வளரும். தினம் ஒரே நேரத்துல 15 நிமிஷம் பேசணும். எடுத்ததும் பணம், வேலை பர்மிட்னு ஆரம்பிக்கக் கூடாது. மோகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையில என்ன கூத்து, யாரு வந்தாங்க, போனாங்கன்னு சின்னச் சின்ன விஷயம். "யாரோட பேசின?"னு கேக்கிறதுக்குப் பதிலா "பதில் வரலன்னா பயமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, எதிர்ப்பக்கம் பேச்சே மாறும்.

சண்டை முத்தி, நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டினா சொல்றது எதுவும் காதுல ஏறாதுன்னு தம்பதிங்க சண்டையை ஆராய்ஞ்ச காட்மேன் சொல்றார். குறைஞ்சது 20 நிமிஷம் விலகணும். எப்ப திரும்புவேன்னு சொல்லாம வச்சா, விட்டுட்டுப் போன மாதிரிதான் படும். அந்த 20 நிமிஷத்துல அடுத்த கேள்வியைத் தீட்டிக்கிட்டிருந்தா படபடப்பு இறங்கவே இறங்காது.

மிரட்டல், வெளிய போகாதே, இதெல்லாம் வந்துட்டா இந்த வைத்தியம் பலிக்காது. வீட்டுப் பெரியவங்க காதுல போட்டுடணும்.

ரங்கூன்:
தம்பி, யோசனை கேக்கல. சரி, சொல்லிட்டீங்க. 20 நிமிஷத்துல வர்றேன்னு சொல்லி, அதுக்குள்ள கரண்ட் போனா?

தட்டோன்:
சாதா எஸ்எம்எஸ். நெட் வேண்டாம். மின்வெட்டு நீண்டு டவர் பேட்டரியும் தீர்ந்துட்டா அதுவும் போகாது, அதனால அன்னிக்கு வெட்டு எந்த நேரம்னு காலையிலயே சொல்லி வைக்கணும்.