அம்மாவ பாக்க ஊருக்குப் போன நேரத்துல ஹவுஸ் ஓனர் வேற பூட்டு போட்டுட்டாரு

தென்காசிப்பொண்ணு:
குரோம்பேட்டைல மூணு வருஷமா வாடகைக்கு இருக்கேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்னு ஊருக்குப் போய் ஏழு வாரம் கூடவே இருந்துட்டேன், போன மாச வாடகை ஜிபேல போட்டாச்சு, இந்த மாசம்தான் ஆஸ்பத்திரி செலவுல பத்து நாள் லேட். நேத்து வந்து பாத்தா என் பூட்ட ஒடைச்சிட்டு வேற பூட்டு தொங்குது. கேட்டா, "வீடு பூட்டியே கெடந்துச்சு, காலி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்"ங்கிறாரு. பீரோ, அடுப்பு, என் சர்டிபிகேட் பெட்டி எல்லாம் மொட்டமாடி ஷெட்ல கெடக்கு. அட்வான்ஸ் 60,000 அவர்கிட்டதான். அக்ரிமெண்ட் வெறும் 20 ரூபா பத்திரம், பதிவு பண்ணல. எனக்கு ஏதாவது வழி இருக்கா?

கோர்ட்வாசல்:
இருக்கும்மா. மொதல்ல ஆத்திரத்துல நீங்களா அந்த பூட்ட ஒடைச்சிடாதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும். வீடு பூட்டிக் கெடந்தா காலி பண்ணதா அர்த்தம் இல்ல. பழைய 1960 வாடகை சட்டத்துல காரணம் இல்லாம தொடர்ந்து நாலு மாசம் குடியில்லன்னா வெளியேத்தலாம்னு இருந்துச்சு, அப்பக்கூட கோர்ட்டுல ஆர்டர் வாங்கணும். 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த புது சட்டத்துலயும் அவரா வெளியேத்த முடியாது, வாடகை கோர்ட்டுக்குத்தான் போகணும், வாடகை பாக்கின்னு காரணம் சொல்லணும்னா ரெண்டு மாச பாக்கி இருக்கணும். பத்து நாள் லேட்டெல்லாம் காரணமே இல்ல. பத்திரம் பதிவாகலன்னு பயப்படாதீங்க, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் செக்‌ஷன் 6ல வீட்ட திரும்பக் கேட்டு கேஸ் போடலாம், அதுல வீடு யாருதுன்னு பாக்க மாட்டாங்க, யார் குடியிருந்தாங்க, சட்டப்படி இல்லாம வெளியேத்துனாங்களான்னுதான் பாப்பாங்க. ஆனா வெளியேத்துன நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போடணும், அதைத் தாண்டினா அந்த வழி மூடிடும்.

மாடிவீட்டுக்காரர்:
நானும் வீடு வாடகைக்கு விடுறவன்தான். ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாமே அந்த மனுஷன்! வீட்டுக்குள்ள போறதுன்னாலே 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். தப்பு அவர் மேலதான். இருந்தாலும் அந்த பாக்கி வாடகைய இன்னிக்கே ஜிபேல அனுப்பிடுங்க, எந்த மாசத்துக்குன்னும் எழுதுங்க. அவர் வாங்கிக்கிட்டா காலி பண்ணிட்டீங்கன்னு அப்புறம் சொல்றது கஷ்டம்.

கோவை சாரதா:
எனக்கும் இதே நடந்துச்சுப்பா, அழுது தீத்துட்டேன் அப்ப. ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பப் பாப்பாங்க, விடாதீங்க, பூட்ட ஒடைச்சு உள்ள நுழைஞ்சு சாமான எடுத்திருக்காருன்னு எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் காப்பி (புகார் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற ரசீது) வாங்காம வராதீங்க. ஷெட்ட போட்டோ வீடியோ எடுங்க. என்னென்ன சாமான் இருந்துச்சோ இன்னிக்கே எழுதி வைங்க, ரெண்டு வாரம் போனா மறந்துரும், நான் அப்படித்தான் ரெண்டு வெள்ளிக் குத்துவிளக்க எழுதாம விட்டேன். கேஸ் போடுறப்ப அட்வகேட் கமிஷனர் வேணும்னு கேளுங்க, நேர்ல வந்து சாமான பாத்து கோர்ட்டுக்கு ரிப்போர்ட் குடுப்பாரு. வக்கீல் பீஸுக்கு யோசிக்க வேணாம், சட்ட உதவி மையத்துல பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசம், 15100க்கு போன் பண்ணுங்க.

தென்காசிப்பொண்ணு:
வாடகை அனுப்பிட்டேன் சார். சிலிண்டர் புக்கிங் மெசேஜ், கரண்ட் பில், "அம்மாவுக்கு முடியல, ஊர்ல இருக்கேன்"னு அவருக்கே போட்ட வாட்ஸ்அப், அதுல ரெண்டு ப்ளூ டிக், எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டேன். சாரதாக்கா, காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன் போறேன், அங்க சிவில்னு சொன்னா உங்களுக்கு மெசேஜ் பண்ணலாமா?