சிபிஆர் 250 ஆர்ஆர் 9,000க்கு மேல் ஏறுதில்லை, சிடிஐ (பிளக்குக்குப் பொறி விடுகிற மின்பெட்டி) மாற்றத்தான் வேணுமா?

பண்ணைக்காற்று
அண்ணைமாரே, ஒரு உதவி. என்னிடம் நிற்பது ஹொண்டா சிபிஆர் 250 ஆர்ஆர், எம்சி 22, ஜப்பானில் இருந்து வந்த பழைய வண்டி. 2022 தட்டுப்பாட்டு நேரம் இதற்குப் பெற்றோல் தேடி அலைய ஏலாமல் விறாந்தையில் மூடிவைத்தது, பிறகு வேலை, கலியாணம் என்று இரண்டு வருடம் அப்படியே நின்றுவிட்டது, டாங்கில் அரைவாசி பெற்றோலோடு. இப்போது ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலும் சீராக நிற்கிறது. ஆனால் ஓடும்போது எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 9,000 (ஆர்பிஎம்) வந்ததும் மூச்சைப் பிடித்த மாதிரி நின்றுவிடும், முறுக்க முறுக்கச் சத்தம்தான் மாறுகிறதே தவிர வேகம் இல்லை. நியூட்ரலில் மட்டும் இழுத்து இழுத்து 12,000 வரை போகும். ஒரு கராச்சில் காப்பரேட்டர் கிளீன் பண்ணியாச்சு, பிளக் நாலும் புதிது. அங்கே சொல்கிறார்கள், "ஜப்பான் லிமிட் சிடிஐக்குள்ள இருக்கு, வேற சிடிஐ போடவேணும்" என்று. விலையைக் கேட்டால் தலை சுற்றுது. உண்மையா?

கொடிகாமத்தான்
வாங்காதீங்கோ. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு இருக்கிற தடை 180 கிலோமீற்றர் வேகத்தில் வருவது, 9,000 ஆர்பிஎம்மில் இல்லை. இந்த வண்டிக்கு மீற்றரில் சிவப்புக்கோடே 19,000 கிட்டத்தான் தொடங்கும், முதல் வந்த மொடல்களின் 45 குதிரைவலு 15,000இல்தான் வரும். 9,000 என்பது இதற்கு நித்திரையால் எழும்புகிற நேரம். அதோடு லிமிட்டர் வெட்டினால் "டக் டக் டக்" என்று அடித்து வெட்டும், நீங்கள் சொல்வது அப்படி இல்லை, பட்டினியில் இழுக்கிற மாதிரி இருக்கு.

வல்லைவெளி
கேம் செயின், அதான் வால்வுகளை ஓட்டுகிற செயின், ஒரு பல் பாய்ந்திருக்கும். என் நண்பனின் வண்டிக்கு அப்படித்தான்.

கொடிகாமத்தான்
இந்த எஞ்சினில் கேம் செயினே இல்லை, முழுக்கப் பல்சக்கரம். அந்த விசில் மாதிரிச் சத்தம் அதில் இருந்துதான் வருது.

பழைய ஸ்பானர்
தம்பி, கழட்ட முதல் நாலு விஷயம் பாரும், காசு செலவில்லை. ஒன்று, டாங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடிப்பாரும், மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில் எஞ்சினில் இருந்து சைலன்சருக்கு இறங்குகிற குழாய் நாலிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடும், "சுர்" என்று போகாத குழாய் எதுவோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. முக்கியமானது சோக். 9,000இல் மூச்சு முட்டும்போது சோக்கை அரைவாசி இழுத்துப் பாரும். கொஞ்சமாவது ஏறினால் பெற்றோல் காணாது என்று அர்த்தம், இன்னும் மோசமானால் மற்றப் பக்கம், காற்றுப் போகவில்லை, எயார் பில்டரைப் பாரும். முந்தின ஆள் யாராவது எயார் பொக்ஸைக் கழற்றி கோன் பில்டர் போட்டிருக்கிறாரோ என்றும் பாரும், அது போட்டால் இந்த வண்டி நடுவில் படுத்துவிடும்.

நீர் சொல்வதைப் பார்த்தால் எனக்கு டயபிரத்தில்தான் சந்தேகம். இந்தக் காப்பரேட்டரில் நீர் முறுக்குகிற கேபிள் ஒரு தட்டைத்தான் திறக்கும், மேலே இருக்கிற சிலைடைத் தூக்குவது எஞ்சின் இழுக்கிற வக்யூம். அந்தச் சிலைடின் தலையில் மெல்லிய ரப்பர் ஒன்று இருக்கு, அதுதான் டயபிரம், அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று ஒழுகி சிலைட் முழுக்க எழும்பாது, அதில் தொங்குகிற ஊசியும் மேலே வராது, பெற்றோல் காணாது. அது இல்லாவிட்டால் ஜெட், பெற்றோல் வருகிற சின்ன ஓட்டை. இரண்டு வருடப் பெற்றோல் காய்ந்து பிசினாகி இருக்கும். கிளீன் பண்ணினது என்றால் எப்படி? கழட்டியா, வெளியில் இருந்து ஸ்பிரே அடித்தா? ரப்பர் உள்ளே இருக்கும்போது அந்த ஸ்பிரேயை அடித்தால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி வண்டி ஓட்டின ஆட்கள் நாங்கள், அப்போது கிழமைக்கு ஒருக்கால் காப்பரேட்டர் கழட்டுவது. அதில் படித்தது ஒன்று, ஜெட்டில் கம்பி குத்தாதேயும். ஓட்டை பெருத்தால் பிறகு எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்று உமக்கே தெரியாது.

பண்ணைக்காற்று
அண்ணை, சோக் இழுத்தேன், 10,500 வந்தது! டாங்க் மூடி திறந்தும் வித்தியாசம் இல்லை, நாலு குழாயும் "சுர்". ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பாயை விரித்து காப்பரேட்டர் நாலையும் இறக்கினேன், எயார் பொக்ஸில் இருந்து பிடுங்கவே ஒரு மணித்தியாலம். இரண்டாவது, மூன்றாவது மெயின் ஜெட் பச்சையாக அடைத்துக் கிடந்தது, வெளிச்சமே தெரியவில்லை. மூன்றாவது டயபிரத்தை வெயிலுக்குப் பிடித்தால் ஒரு புள்ளி மின்னுது. நீங்கள் சொன்ன ஸ்பிரேதான், கராச்சில் கேட்டேன், கழட்டாமலே அடித்ததாம். ஜெட்டை ஊறவைத்துக் காற்றடித்துப் பூட்டினேன், நேற்றுப் பண்ணைப் பாலத்தில் 13,000 ஏறியது. அதற்கு மேல் இன்னும் இழுவை. ஓட்டைக்கு ரியூப் ஒட்டுற சொலூஷன் பூசலாமா?

பழைய ஸ்பானர்
பூசலாம், கிழமை தாங்காது. பெற்றோல் ஆவி பட்டால் கழன்றுவிடும், பூசின இடம் தடித்தால் சிலைட் அரைவாசியில் நிற்கும். மற்ற மூன்றும் அதே வயது ரப்பர்தானே, நாலையும் சேர்த்து மாற்றும். வாங்கப் போகும்போது பழைய ஒன்றைக் கையில் கொண்டுபோம், விட்டத்தையும் ஓரத்தில் இருக்கிற சின்னக் காதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசைக் கொடும். போட்டபிறகு காப்பரேட்டர் நாலையும் வக்யூம் மீற்றர் வைத்து சரிசமன் பண்ணவேணும், என்னிடம் ஒன்று இருக்கு.

கொடிகாமத்தான்
அந்த மீற்றரைப் போன வருடம் என்னிடம் தந்தீர்கள் அண்ணை. நான் கொண்டுவாறேன்.