மண்பானை நீரூற்றில் தண்ணீர் மேலே ஏறவில்லை: உதவி தேவை

மல்லிகைப்பந்தல்:
அனைவருக்கும் வணக்கம். மூன்று மண்பானைகளைச் சற்றே சாய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டு முன்தோட்டத்தில் ஒரு நீரூற்று அமைத்திருக்கிறேன். பானைகளைத் தவிர மற்ற பொருள்கள் எல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கியவைதான். வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது பம்பு நன்றாகப் பீய்ச்சியது. நீரூற்றில் பொருத்தியதும் மேல் பானையில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் இருக்கிறது. பம்பு பழுதா, மாற்றிவிடலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

குழாய்ப்பணி:
பம்பு எத்தனை வாட், பெட்டியில் எத்தனை மீட்டர் ஹெட் (பம்பு நீரை ஏற்றக்கூடிய உச்ச உயரம்) என்று அச்சிட்டிருக்கிறார்கள், கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல் பானையின் வாய் எவ்வளவு உயரம், எந்தக் குழாயைப் போட்டிருக்கிறீர்கள் என்ற நான்கு விவரங்களும் வேண்டும். இவை இல்லாமல் சொல்லப்படும் பதில் எதுவானாலும் அது ஊகம்தான்.

ஆழ்துளை:
எங்கள் பகுதியில் இதற்கு ஒரே காரணம் தண்ணீரில் உள்ள உப்புதான். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதியாக இருந்தால், பம்பின் உள்ளே சுழலும் விசிறியில் வெள்ளைப் படிவு ஏறி அதன் வேகத்தைக் கெடுத்துவிடும். முன்மூடியைக் கழற்றி விசிறியை வெளியே எடுத்து, எலுமிச்சை உப்பைக் கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள்.

மாடித்தோட்டம்:
புதிதாக வாங்கிய பம்பில் அதற்குள் எப்படி உப்புப் படியும்? எனக்கு என்னவோ காற்று அடைப்பாகத்தான் தோன்றுகிறது. பம்பை நீருக்குள் இருக்கும்போதே பக்கவாட்டில் சாய்த்து ஆட்டுங்கள். குமிழிகள் வெளியேறினால் அதுதான் காரணம். பம்பின் முகப்பில் நீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு ஒன்று இருக்கும். அது முழுவதும் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முற்றம்:
எங்கள் தெருவில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் குறைந்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படி இருக்கக்கூடும். காலையில் ஓட்டிப் பாருங்கள்.

நீரியல்:
இந்தக் கேள்விக்கு நான் இங்கே பலமுறை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மின்னழுத்தம் பற்றிச் சொன்ன நண்பருக்கும் ஒரு வார்த்தை: இந்தச் சிறு பம்புகளில் பெரும்பாலானவை காந்தச் சுழலி கொண்டவை. அவற்றின் வேகத்தை முடிவு செய்வது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணே அன்றி மின்னழுத்தம் அன்று. அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் சுழலி நின்றுபோகும். பாதி வேகத்தில் ஓடாது. அடிப்படை தெரியாமல் மருந்து சொல்வது கேட்பவருக்குத்தான் கேடு.

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் நன்றி. 18 வாட் கூலர் பம்பு, பெட்டியில் 1.85 மீட்டர், மணிக்கு 1100 லிட்டர் என்று இருக்கிறது. 20 லிட்டர் பெயின்ட் வாளியைத் தரைக்குள் புதைத்து, மேலே கம்பிவலை போட்டுக் கூழாங்கல் பரப்பியிருக்கிறேன். செங்கல் மேடை இரண்டடி. அதன்மேல் மானாமதுரையில் வாங்கிய மூன்று பானைகள். நீர்மட்டத்திலிருந்து மேல் பானையின் வாய்வரை ஐந்தரை அடி இருக்கும். தகடு முழுவதும் திறந்திருக்கிறது, குமிழியும் வரவில்லை. மாலைக்குள் வாளியில் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்துவிடுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நீரியல்:
விடை உங்கள் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. 1.85 மீட்டர் என்பது அந்த உயரத்தில் நீர் கொட்டும் என்பதற்கான வாக்குறுதி அன்று. அந்த உயரத்தை எட்டும்போது ஓட்டம் சுழியாகிவிடும் என்பதே அதன் பொருள். 1100 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஐந்தரை அடி என்பது ஏறத்தாழ 1.68 மீட்டர். எல்லையை ஒட்டி வேலை வாங்கினால் சொட்டத்தான் செய்யும். 40 வாட், 3 மீட்டர் ஹெட் உள்ள பம்பை வாங்குங்கள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

குழாய்ப்பணி:
ஹெட் பற்றி நீரியல் சொன்னது சரி. அதற்காக உடனே புதிய பம்புக்குப் பணம் போடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. குழாய் என்ன என்று முதலிலேயே கேட்டேன். நால்வர் விடையளித்த பிறகும் அதற்குப் பதில் வரவில்லை. பம்பின் வாய் எத்தனை மில்லிமீட்டர், குழாயின் உள்விட்டம் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் லெவல் டியூபைத்தான் போட்டேன். விலை குறைவு, பானைக்குள் எளிதாக வளைகிறது. உள்விட்டம் 8 மில்லிமீட்டர், நீளம் பத்தடி. மிஞ்சிய பகுதியைச் சுருட்டி வாளிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பம்பின் வாய் 13 மில்லிமீட்டர். டியூபின் நுனியை வெந்நீரில் இளக்கி, அதோடு ஒரு சிறு இணைப்பை வைத்துச் சேர்த்தேன்.

குழாய்ப்பணி:
இப்போது விளங்குகிறது. ஒரே அளவு தண்ணீரைச் செலுத்தும்போது, குழாயின் விட்டம் குறையக் குறைய உராய்வு ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு வீதத்தில் ஏறுகிறது. 13-இலிருந்து 8-க்கு இறங்கினால் அது பத்து மடங்குக்கும் மேல். மணிக்கு 200 லிட்டர் ஓடவேண்டும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பத்தடி லெவல் டியூப் உராய்வுக்கு மட்டுமே முக்கால் மீட்டருக்குக் குறையாமல் ஹெட்டைத் தின்றுவிடும். அதே நீளத்துக்கு அரை அங்குலக் குழாயாக இருந்தால் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே அரை அங்குலத் தோட்ட ஓஸை வாங்கி, சுருட்டு ஏதுமின்றித் தேவையான நீளத்துக்கு வெட்டி, பம்பின் வாயில் நேரடியாகச் செருகி ஓஸ் கிளிப்பால் இறுக்குங்கள். செங்கல் மேடையையும் ஒரு வரியாகக் குறைத்தால் ஏறத்தாழ ஒன்றரை அடி மிச்சமாகும். இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டுப் பம்பைப் பற்றி யோசிக்கலாம்.

தண்ணீர் குறைவதற்குக் காரணம் வேறு. இரவு வேளையில் டார்ச் அடித்து, பானையின் விளிம்புக்குக் கீழே பாருங்கள். தண்ணீர் வாய் விளிம்பில் தாண்டிக் குதிக்காமல், விளிம்பின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, பானையின் வயிற்றோடு வழிந்து, பின்பக்கமாக மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும். ஓட்டம் மெல்லியதாக இருக்கும்போது இது கட்டாயம் நடக்கும். நீர் விழவேண்டிய இடத்தில் விளிம்பை அரத்தால் அரை விரல் ஆழத்துக்கு ராவி ஒரு வாய் அமைத்து, அதில் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டு ஒன்றைப் பானைக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்குமாறு எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். எம்-சீல் ஈரப் பானையில் பிடிக்காது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகே வையுங்கள். மானாமதுரைப் பானை மெருகு பூசாத மண் என்பதால் உடலிலும் ஓரளவு நீர் கசிந்து ஆவியாகும். அதற்கு மட்டும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும்.

மின்பணி:
குழாயைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. மின்னிணைப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே? தோட்டத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டிருக்கிறீர்களா?

மல்லிகைப்பந்தல்:
ஆம், வராந்தாவிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துச் செடிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பம்பின் வயரில் இரண்டு பின் பிளக்குதான் இருக்கிறது.

முற்றம்:
வெறும் 18 வாட் பம்பு. 230 வோல்ட்டில் அது எடுத்துக்கொள்வது 0.08 ஆம்பியர்கூட இல்லை. ஒரு சின்ன பல்புக்குச் சமமான பொருளுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை, வீட்டில் எம்.சி.பி. இருந்தால் போதும்.

மின்பணி:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 0.08 ஆம்பியர் என்பது 80 மில்லி ஆம்பியர். மின்கசிவிலிருந்து மனிதரைக் காக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுவது எதனால் என்று நினைக்கிறீர்கள்? மேலும், கசிவு ஏற்படும்போது உடலில் பாயும் மின்னோட்டத்தைப் பம்பின் வாட் தீர்மானிப்பதில்லை. 230 வோல்ட்டும் ஈரமான உடலின் மின்தடையும்தான் தீர்மானிக்கின்றன. எம்.சி.பி. என்பது வயர் எரியாமல் காக்கும் கருவி. பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அது விழும். ஈரக் கையோடு கூழாங்கல்லை எடுக்கும் குழந்தையை அது காக்காது.

முற்றம்:
என் வீட்டு மீன்தொட்டியில் ஆண்டுக்கணக்காக இதே பம்பு ஓடுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மின்பணி:
ஆகாதவரை ஆகாது. விசேஷத்துக்கு வரும் பிள்ளைகள் முதலில் ஓடுவது தண்ணீரிடம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். பிளக்கு வராந்தாவுக்கு உள்ளேயே, தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும். அப்போது வயரோடு வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டியில் கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது, அடாப்டர் வீட்டுக்குள் இருக்க 12 வோல்ட்டில் ஓடும் பம்பாகப் பாருங்கள்.

நீரியல்:
12 வோல்ட் பம்புகளில் ஹெட் போதாது என்று பழைய இழையிலேயே எழுதியிருக்கிறேன்.

மின்பணி:
3 மீட்டர், 5 மீட்டர் ஹெட் உள்ள 12 வோல்ட் பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஹெட் என்பது பம்பின் அமைப்பைப் பொறுத்தது. வோல்ட் குறைவு என்பதாலேயே உயரம் குறைந்துவிடாது.

மாடித்தோட்டம்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசேஷம் முடிந்து பம்பை நிறுத்திவிட்டு வாளியில் தண்ணீரை அப்படியே விட்டால், கூழாங்கல்லுக்கு அடியில் கொசு முட்டையிட்டு, பத்து நாளைக்குள் பறக்கத் தொடங்கிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஓட்டாத நாள்களில் வாளியைக் காலி செய்துவிடுங்கள், அல்லது கம்பிவலைக்குக் கீழே நெருக்கமான கொசுவலை ஒன்றை இழுத்துக் கட்டுங்கள்.

ஆழ்துளை:
உப்பை மறந்துவிடாதீர்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் சில மாதங்களில் அது உறுதியாக வரும். முடிந்தால் மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
ஓஸை மாற்றி, மேடையையும் ஒரு வரியாகக் குறைத்துவிட்டேன். தண்ணீர் மூன்று பானையிலும் நன்றாக விழுகிறது, பம்பை மாற்றவில்லை. மிக்க நன்றி.

குழாய்ப்பணி:
மகிழ்ச்சி. தகட்டு வாய் வைத்த பிறகு வாளியில் தண்ணீர் குறைவது நின்றதா என்று ஒரு வரி எழுதுங்கள்; இதே அமைப்பைச் செய்ய நினைப்பவர்களுக்கு அது பயன்படும்.

மின்பணி:
ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டீர்களா? இதற்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் வேண்டும்.