‘சமவாய்ப்பு’ என்னும் சொல்லும் வட்டத்தில் விழுந்த நாணும்

அன்புள்ள குழுவினருக்கு,

பாளையங்கோட்டையில் வரும் திங்களன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகழ்தகவுப் பாடம் தொடங்குகிறேன்; அதற்குள், ஆங்கிலத்தில் random என்பதற்குப் பாடநூல் ஆளும் ‘சமவாய்ப்பு’ என்னும் சொல்லுக்கு ஒரு வழி சொல்லுங்கள். வட்டத்தில் ‘சமவாய்ப்பாக’ வரையும் நாண், உள்வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீண்டிருக்க நிகழ்தகவு என்ன என்று சென்ற ஆண்டு கேட்டேன். ஒருத்தி பரிதியில் இரு புள்ளிகளைக் குறித்து 1/3 என்றாள். ஒருவன் ஆரத்தின்மேல் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே செங்குத்தாக நாணை வரைந்து 1/2 என்றான். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த வட்டத்துக்குள் புளியமுத்தைப் போட்டு, அது கிடந்த இடமே நாணின் நடுப்புள்ளி என்று கொண்டவனுக்கு 1/4 வந்தது. மூவர் கணக்கிலும் பிழையில்லை. பிரெஞ்சுக் கணிதர் பெர்த்ரான் 1889இல் காட்டியது இதையே: எதன்மேல் சமமாகப் பங்கிடுகிறோம் என்று சொல்லாதவரை வினாவே முழுமையடையாது. ‘சமவாய்ப்பு’ என்ற பெயரிலேயே சமம் ஏறிவிட்டதால், எது சமம் என்று மாணவர்கள் கேட்பதே இல்லை. ‘தற்செயல்’ எனலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, ‘தன்’ வல்லினத்தின் முன் ‘தற்’ ஆகும். தானே நேரும் செயல் என்று பொருளும் பொருந்துகிறது. ஆயினும் முப்பது ஆண்டுகள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்த எனக்கு அச்சொல் கணக்கில் ஒட்டவில்லை. இலங்கைத் தமிழர் ஆளும் ‘எழுமாற்று’ இருக்கையில் புதுச்சொல் எதற்கு? ‘சம’ வடசொல், அதனை விடுத்து ‘ஒத்த’ என்க.

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என 118ஆம் குறளே ஆண்டிருக்க, சமனை விலக்க எனக்கு மனமில்லை. அந்தக் கோல்தான் நம் வினாவில் விடுபட்டிருந்தது. ‘எழுமாற்று’ நல்ல சொல்லே. ஆனால் எங்கள் பிள்ளைகளின் பாடநூலில் அது இல்லை, தேர்வுத் தாளிலும் வராது. ஆகவே இருக்கும் சொல்லுக்கு அடைகொடுத்து, பரிதிச் சமவாய்ப்பு, ஆரச் சமவாய்ப்பு, பரப்புச் சமவாய்ப்பு என்று மூன்றாக வழங்கலாம் என்பது என் முடிவு. குழுவில் மறுமொழி எழுதியவர்களில் பலரும், நாள் நெருங்கிவிட்டது என்பதற்காகவேனும், இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நான் இசையவில்லை, தம்பி. நாணுக்கு அடை உதவும். திண்ணையில் தாயம் ஆடும்போது உருட்டும் சோழி மல்லாந்து விழுவதும் குப்புற விழுவதும் ஒத்த வாய்ப்புடையன அல்ல. ஆயினும் மல்லாந்தவற்றின் எண்ணிக்கையை உங்கள் பாடநூல் ‘சமவாய்ப்பு மாறி’ (random variable) என்றுதானே அழைக்கும்? அதற்கு எந்த அடையைக் கொடுப்பீர்கள்?