'ரீகிளெய்ம்ட் வுட்' தமிழ்ல என்ன? (கையேடு, அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். பழைய கதவு, ஜன்னல் சட்டம், பேலட் (சரக்கு அடுக்குற மரத் தட்டு) பலகை இதையெல்லாம் அறுத்து 1:16 அளவுல லாரி மாடல் செய்யுற பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். சேசிஸ், ஆக்சில், கேபின் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டேன், பசங்களுக்குத் தெரிஞ்ச சொல்தான். மாட்டிக்கிட்டது 'ரீகிளெய்ம்ட் வுட்'ல. 'மறுசுழற்சி மரம்'னு எழுதினேன், ஆனா மறுசுழற்சின்னா அரைச்சு உருக்கி வேற ஒண்ணா ஆக்குறதுன்னு பாடத்துல படிச்சிருக்காங்க, இங்க மரம் மரமாவேதான இருக்கு. 'பழமரம்'னா மாமரம் பலாமரம்னு நெனச்சுக்கறாங்க. உதவுங்க.

*

அம்மா, 'மீட்பு மரம்' வைங்க. மீள்றது தானா வர்றது, மீட்கிறது நாம கொண்டு வர்றது. குப்பைக்குப் போக இருந்ததை நாமதான கொண்டு வந்தோம், அதனால 'மீள்மரம்' கூடாது, 'மீட்பு மரம்'தான் சரி.

அப்புறம் 'லாரி மாடல்'னு ஏன் எழுதணும்? குறுந்தொகை 61ல தச்சன் செஞ்ச 'சிறுமா வையம்', அதாவது சின்னக் குதிரை பூட்டின பொம்மைத் தேர் வருது, ஏறிப் போக முடியாட்டியும் பிள்ளைங்க கையால இழுத்தே சந்தோஷப்படுறாங்க. பெரும்பாணாற்றுப்படையில அதையே 'ஊரா நற்றேர்'னு சொல்லியிருக்கு. ஊர்தல்னா ஏறிப்போறது, ஊர்தி அதுலேருந்து வந்ததுதான். அப்போ ஏறமுடியாத ஊர்தி 'ஊராவூர்தி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வகர உடம்படுமெய், எங்கயும் இடறல. 2000 வருஷமா பிள்ளைங்க உருட்டிட்டிருக்கிற பொருளுக்கு 'மாடல்' எதுக்கு?

*

ஐயா, அந்த வரிங்களை முதல் பக்கத்துலயே போடலாம், தச்சு வேலை செய்யுற எனக்கு அதைப் படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. ஆனா பத்து வயசுப் பையன் 'ஊராவூர்தி'ன்னு படிச்சா லாரி அவன் கண்ணுக்குத் தெரியாதுங்க. 'மீட்பு'ன்னா அடகு நகைதான் ஞாபகம் வருது.

பட்டறையில நாங்க சொல்றது 'பிரிச்ச மரம்'. வீடு பிரிச்ச மரம், பேலட் பிரிச்ச மரம். எங்கேருந்து வந்துச்சுங்கறதும் அதுலயே இருக்கு, என்ன பார்க்கணும்ங்கறதும் இருக்கு. டீச்சர், பேரை விட இது முக்கியம், கண்டிப்பா கையேட்டுல சேருங்க: காந்தம் வச்சு ஆணி தேடாம ரம்பத்துக்குக் கொண்டு போகக்கூடாது, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம் அதனால பெயிண்ட் இருக்கிற பலகைய பசங்க கையில குடுத்துத் தேய்க்க விடாதீங்க, பேலட்ல 'எச்டி' முத்திரைன்னா மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வச்சது, எடுக்கலாம், 'எம்பி'ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, ஒதுக்கிடுங்க.

போன மாசம் ஒரு கதவுச் சட்டத்துல ஆணிய உருவினேன், துரு ஊறி ஓட்டையச் சுத்தி கருப்பா ஒரு வளையம். சீவி எடுக்க மனசு வரல. அந்தத் துண்டையே டீசல் டேங்க்கா வச்சு வளையத்துல மூடியப் பொருத்தினேன், எண்ணெய் ஒழுகின கறை மாதிரியே உக்காந்துச்சு.

*

'பிரிச்ச மரம்' எழுத்துல 'பிரித்த மரம்' ஆகும், அப்போ ரெண்டாப் பொளந்த மரம்னு அர்த்தம் வருமே? அதோட 'மரம்'னே சொல்லலாமான்னு ஒரு கேள்வி. தொல்காப்பியப்படி உள்ளே வைரம், அதாவது கெட்டியான பாகம், இருந்தாத்தான் மரம், வெளியே இருந்தா புல். லாரிக்குப் பின்பக்கத் தடுப்பு பழைய மூங்கில்ல செஞ்சா அது புல்லாச்சே. 'மீட்காழ்'னு யோசிச்சேன், காழ்னா வைரம்.

*

பேலட் பலகை நெறைய லேசான பைன்தாங்க, அதுல எங்க வைரத்தத் தேடுறது?

*

எல்லாருக்கும் நன்றி. தனி மடல் போட்டவங்களையும் சேர்த்து ஆறு பேர் 'பிரித்த மரம்', ரெண்டு பேர் 'மீட்பு மரம்', காழ் ஒருத்தர். 'பிரித்த மரம்'னே அச்சுக்கு அனுப்புறேன், முதல் தடவை வர்ற இடத்துல 'வீடு, பேலட் பிரித்த மரம்'னு விரிச்சு எழுதிட்டா பொளந்ததுன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. அண்ணா சொன்ன காந்தம், முத்திரை எல்லாம் மூணாம் பக்கத்துல கட்டம் போட்டு வருது. ஐயா, குறுந்தொகை வரி அட்டைக்குப் பின்னாடி.

*

அம்மா, வரி வர்றதுல ரொம்ப மகிழ்ச்சி. ஆனா 'மீட்பு மரம்'தான் சரின்னு இப்பவும் சொல்றேன், அடுத்த பதிப்பு எப்பன்னு முன்னாடியே சொல்லுங்க. 'ஊராவூர்தி'க்கு தனி இழை தொடங்குறேன்.